பி.டி. சாருக்கு பக்தி வந்த விதம்

திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்துகொண்டு, திருநாவுக்கரசு என்ற பெயரையும் வைத்துக்கொண்டு, கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். பி.டி. சாருக்கு அது இருந்தது. கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் சுவாமி கரையேறிய ஊர் இது என்று ஊரே மார்தட்டிக்கொள்ளும். சார் மட்டும், "நல்லா நீச்சல் தெரிஞ்ச ஆளா இருந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு போட்டுப் பிழைத்த குடும்பம். அப்பா வயலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளை வயல் வரப்பில் ஓடிப் பழகினான். ஓடி ஓடியே மாவட்டப் போட்டியில் ஒரு கப்பு, அந்தக் கப்பைக் காட்டி உடற்பயிற்சிக் கல்லூரியில் ஓர் இடம், பிறகு கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. முப்பத்திரண்டு வருடம் அதே மைதானம், அதே விசில். 2007-இல் அவர் ஓய்வு பெற்றபோது ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் ஏதோ ஒரு காலத்தில் அந்த விசிலுக்கு ஓடியவர்களாக இருந்தார்கள். கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கும் ஓடியிருக்கிறார், ஆட்டோ ஸ்டாண்டு தலைவரும் ஓடியிருக்கிறார், சாருக்கே சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்ன லேப்காரனும் ஓடியிருக்கிறான்.

"உடம்புதான் கோயிலு, ஓட்டந்தான் பூசை" என்பது சார் கொள்கை. அந்தக் கோயிலில் ஒரு பையனும் சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. "மூச்சு வாங்குது சார்." சொன்னவனுக்குப் பதில் தயாராக இருக்கும்: "நடிக்காத. ஓடு." கூடவே ஒரு ரவுண்டு சேர்த்துக் கிடைக்கும். மூச்சு வாங்குவதென்பது அவரைப் பொறுத்தவரை சோம்பேறித்தனத்துக்குப் பையன்கள் வைத்த செல்லப் பெயர். இந்த உபதேசத்தை முடித்துவிட்டு அவர் விளையாட்டுச் சாமான் அறைக்குப் பின்னால் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார். நாளைக்குப் பன்னிரண்டு. மாட்ச் இருந்தால் ஜாஸ்தி.

ஓய்வு பெற்ற மறு வருடம் அந்த வாக்கியம் அவரைத் தேடிக்கொண்டு வந்தது.

வீட்டிலிருந்து பேப்பர் கடை அரைக் கிலோமீட்டர். அந்தத் தூரத்தை ஒரு காலத்தில் அவர் தூரம் என்றே மதித்ததில்லை. இப்போது பாதி வழியில் நெஞ்சு அடைத்துப்போய் நின்றுவிட்டார். காற்று உள்ளே போன மாதிரியும் இருந்தது, போகாத மாதிரியும் இருந்தது. டாக்டரிடம் போனார். நாள்பட்ட நுரையீரல் நோய், சிகரெட்டை இன்றே விடு என்றார் டாக்டர்; உறிஞ்சுகிற மருந்து ஒன்றையும் எழுதிக் கொடுத்தார். சிகரெட்டை மூன்றாவது முயற்சியில் விட்டார். மருந்தை அலமாரியில் கப்புகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். வீட்டில் மனைவி கலைமணிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருடம் ஊரையே ஓடவிட்டவன் எந்த வாயால் சொல்வது?

சொல்லாமல் இருப்பது சுலபம், நிற்காமல் இருப்பதுதான் கஷ்டம். முதலில் ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்து பார்த்தார். குனிந்தால் இன்னும் மோசமாக வாங்கியது. தவிர, பழைய மாணவன் எவனாவது ஓடிவந்து, "நீங்க ஏன் சார் குனியிறீங்க, நான் கட்டுறேன்" என்று காலைப் பிடித்துக்கொண்டான். சினிமா போஸ்டரைப் படிப்பதுபோல் நின்றார். அறுபது வயது வாத்தியார் ஒரு நடிகையின் படத்துக்கு முன் மூன்று நிமிடம் நின்றால் ஊர் என்ன பேசும் என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

அப்போதுதான் முனைப் பிள்ளையார் கண்ணில் பட்டார்.

சாமிக்கு முன்னால் நிற்பவனை யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்பதில்லை. கண்ணை மூடிக்கொள்ளலாம், கம்பியைப் பிடித்துக்கொண்டு சாயலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆகலாம். வாயைக் குவித்து ஊதினால்கூட மந்திரம் சொல்கிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். வீட்டுக்கும் பேப்பர் கடைக்கும் நடுவே அளந்து வைத்ததுபோல் மூன்று கோயில்கள் இருந்தன: முனைப் பிள்ளையார், அடுத்து மாரியம்மன், கடைசியில் ஆஞ்சநேயர். சாருடைய மூச்சும் சரியாக ஒரு கோயிலிலிருந்து அடுத்த கோயில் வரைக்கும்தான் தாங்கியது. இந்தக் கோயில்களைக் கட்டியவர்களுக்கு அவர் வாழ்க்கையில் முதல்முறையாக நன்றி சொன்னார்.

ஊர் இரண்டே வாரத்தில் கவனித்துவிட்டது. பி.டி. சார் கோயில் வாசலில் கண்மூடி நிற்கிறார்! ஒரு நாள் இல்லை, தினமும்! அதுவும் உருகி உருகி! "பேருக்கு ஏத்த மாதிரி ஆயிட்டாரு பாரு. அந்த அப்பருக்கு வயித்து வலி வந்துதான் சிவன் ஞாபகம் வந்துது. இவுருக்கு ரிட்டையர்மெண்டு வந்ததும் வந்துடுச்சி" என்றாள் பூக்கடை மாரியம்மாள். நோய் விஷயத்தில் அவள் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டாள் என்பது அவளுக்கே தெரியாது. பிள்ளையார் கோயில் குருக்கள் தட்டை நீட்ட, வேறு வழியில்லாமல் சார் விபூதி பூசிக்கொண்டார். பூசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

கலைமணி கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து தனியாகக் கோயிலுக்குப் போய்த் தனியாகத் திரும்பி வந்தவள். பக்கத்து வீட்டுக்காரிகள் புருஷனோடு பிரதோஷத்துக்குப் போகும்போது, "அவுருக்கு ஸ்கூல்ல வேல" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவள். நெற்றியில் விபூதியோடு நிற்கும் திருநாவுக்கரசுவைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் வடை பாயசம்.

"என்னா விசேஷம் கலை?"

"ஒண்ணுமில்ல, சாப்புடுங்க."

அந்தப் பாயசத்தோடு அவருடைய பொய் நிரந்தரமாகிவிட்டது. இனி உண்மையைச் சொல்வதென்றால் மூச்சு வாங்குகிறது என்பதை மட்டும் சொன்னால் போதாது. உன் பாயசம் வீண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு அது முடியவில்லை. 2010 பங்குனிக் கடைசியில் ஒரு நாள் கலைமணி மெல்ல ஆரம்பித்தாள்.

"என்னாங்க, ரொம்ப நாளா ஒரு ஆச. கேட்டா திட்டுவீங்கன்னு கேக்கல. வர்ற ஆனியில சிதம்பரம் தேருக்குப் போவலாமா? தேரு பின்னாடியே நாலு வீதியும் நீங்களும் நானும் சேந்து நடக்கணும். அது ஒண்ணுதான்."

நான்கு வீதி! சார் மனதுக்குள் அளந்து பார்த்தார். ஒவ்வொரு வீதியும் அவருடைய பேப்பர் கடைத் தூரத்தைவிட நீளம். இடையில் நின்று கும்பிடவும் முடியாது. சாமியே தேரில் ஏறி முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

"போவலாம்" என்றார்.

மறுநாள் ஆஞ்சநேயர் கோயில் வாசலில் நிற்கும்போது அவருக்கு வழக்கத்தைவிட அதிகமாக வாங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதுவரை ஏற, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எதிரே சைக்கிள் கடை. கடைக்காரன் பொன்னுரங்கம், முப்பத்தெட்டு வயது, ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் வைத்தான்.

"உக்காருங்க சார். சாமி கும்புடுறவங்களுக்குத் தோளு இப்படி ஏறாது."

"என்னாடா ஒளறுற?"

"நான் ஏழு வயசுலேருந்து இழுப்புக்காரன் சார். எனக்குத் தெரியாதா?"

சார் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் இவன் யாரென்பது ஞாபகம் வந்தது. அந்த ஞாபகம் வரவேண்டாமென்றுதான் அவர் இத்தனை நாளும் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஏழாம் வகுப்பு பி பிரிவு, கடைசி வரிசை, ஒல்லிப்பையன். எண்பத்து நாலோ ஐந்தோ. "மூச்சு வாங்குது சார்" என்றான். "நடிக்காத. ஓடு" என்றார். பையன் ஓடினான். ஓடி முடித்து வேப்பமரத்தடியில் விழுந்து கிடந்ததை மற்ற பையன்கள் வந்து சொன்னபோது அவர் சாமான் அறைக்குப் பின்னால் பாதி சிகரெட்டில் இருந்தார்.

பொன்னுரங்கம் ஒரு பழைய டியூப்பை எடுத்துக் காட்டினான்.

"நம்ம வியாதிக்காரங்க காத்து உள்ள போவலன்னு நெனைக்கிறோம் சார். அது இல்ல. உள்ள போன காத்து வெளிய வரமாட்டேங்குது. டியூப்பு ஏற்கெனவே ஃபுல்லு. மேல மேல பம்பு அடிச்சா எங்க போவும்? அதான், மொதல்ல வெளிய விடணும். ஒதட்டக் குவிச்சி, சூடா இருக்குற டீய ஊதுற மாதிரி, நிதானமா. உள்ள ரெண்டு எண்ணுனா வெளிய நாலு."

சார் ஊதினார். நாலைந்து முறை ஊதியதும் தோள் இறங்கியது. டாக்டரிடம் மூன்று முறை போய்வந்த அவருக்கு, காற்று அடித்துப் பிழைக்கிற ஒருவன் சொன்னதுதான் முதலில் விளங்கியது. பிறகு பொன்னுரங்கம் தன் சட்டைப் பையிலிருந்து மருந்துக் குழாயைக் கடைத்தெரு பார்க்க எடுத்து, குலுக்கி, வாயில் வைத்து உறிஞ்சினான். வெற்றிலை போடுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக.

"சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரியில இதுக்குன்னு பயிற்சி குடுக்குறாங்க சார். நடக்க வைப்பாங்க. வாரம் ரெண்டு நாளு, எட்டு வாரம். எனக்கு அங்கதான் சரியாச்சி. நடந்தா மூச்சு வாங்குதுன்னு நாம நடக்கறத நிறுத்திடுறோம். நிறுத்துனா காலு சொணங்கிப்போயி இன்னும் வாங்குது."

"என்னய நடக்கப் பழக்கறாங்களா? என்னய?" என்றார் சார். கடலூரையே ஓடப் பழக்கியவருக்கு அது ஒரு பெரிய அடிதான்.

ஆனாலும் போனார். ஆனிக்கு மூன்று மாதம்கூட இல்லை. செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரம் பஸ்ஸில் ஏற வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "நடராஜரப் பாத்துட்டு வரேன்" என்றார். செவ்வாய், வெள்ளி, சிதம்பரம்! கலைமணி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சார் திரும்பும்போது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு விபூதிப் பொட்டலம் வாங்கி, பஸ் கண்ணாடியைப் பார்த்து மூன்று கோடு இழுத்துக்கொள்வார். பிரசாதம் எங்கே என்று அவள் கேட்ட அன்று, அடுத்த முறை ஓட்டலில், நடராஜருக்குப் படைக்கிற அதே சம்பா சாதமும் கத்திரிக்காய்க் கொத்சும் பார்சல் கட்டிவந்து நீட்டினார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டாள். கத்திரிக்காயில் உப்பு கொஞ்சம் தூக்கல், சாமிக்குப் படைத்தது அப்படித்தான் இருக்கும் என்றாள்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவள் சுவேதா என்ற இருபத்தைந்து வயதுப் பெண். நீண்ட வராந்தாவில் முப்பது மீட்டர் தள்ளித் தள்ளி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அவற்றுக்கு நடுவே ஆறு நிமிடம் நடக்க வேண்டும்; எவ்வளவு தூரம் என்று அவள் குறித்துக்கொள்வாள். அவள் கையில் ஸ்டாப்வாட்ச். அதைப் பார்த்ததும் சாருக்கு வயிறெரிந்தது. மாவட்டத்திலேயே ஸ்டாப்வாட்ச் சரியாகப் பிடிக்கத் தெரிந்தவர் தாம் ஒருவர்தான் என்பது அவருடைய எண்ணம்.

முதல் நாள் இருநூற்று நாற்பது மீட்டர். நடுவில் இரண்டு முறை நின்றார். நிற்கும்போது வழக்கம்போல் கை தானாகக் கூப்பிக்கொண்டது. எதிரே சுவரில் கைகழுவும் முறை எழுதிய அட்டைதான் இருந்தது.

"என்ன சார் பண்றீங்க?"

"ஒண்ணுமில்லமா, பழக்கம்."

அவள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாள். நடக்கத் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே மருந்தை உறிஞ்ச வேண்டும். இரண்டு நிமிட நடை, ஒரு நிமிட ஓய்வு. நிற்கும்போது சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம், உட்கார்ந்தால் முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொள்ளலாம். மூக்குக்கும் கன்னத்துக்கும் விசிறிக் காற்று படட்டும், மூச்சு முட்டுகிற உணர்வு அதிலேயே கொஞ்சம் அடங்கும். சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், விசிறியை மட்டும் கையால் தொடவில்லை. ஆம்பளை விசிறிக்கொண்டு நடப்பதா?

கடைசியாக அவள் ஓர் அட்டையை நீட்டினாள். பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண்கள். மூச்சு வாங்காவிட்டால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. "மூணு, நாலு வரைக்கும் வாங்கணும் சார். அதுதான் பயிற்சி. அதுக்கு மேல போனா ஒடனே சொல்லுங்க."

சார் பள்ளிக்கூடத்து ஆள். எண்ணைப் பார்த்தால் மார்க்காகத்தான் தெரியும். இங்கே குறைந்த மார்க் வாங்குகிறவன்தான் வீரன் என்று உடனே பிடிபட்டுவிட்டது. எப்போது கேட்டாலும், "ஒண்ணு" என்றார். மிஞ்சிப்போனால், "ஒண்ணரை." அவளும் நம்பி, வேகத்தைக் கூட்டினாள். அடுத்து காலுக்கு எடை கட்டினாள். நான்காவது வாரம் மாடிப்படி ஏறச் சொன்னாள்.

பாதிப் படியில், "எத்தினி சார்?" என்றாள்.

"ஒண்..." என்றார். அந்த எண்ணை முடிக்க அவரிடம் காற்றில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி சரிந்து படியிலேயே உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. சுவேதா அவரை முன்னால் சாய்த்து உட்காரவைத்து, மருந்து கொடுத்து, அவருக்கு முன்னால் மண்டியிட்டுத் தானும் உதட்டைக் குவித்து அவரோடு சேர்ந்து ஊதினாள். விரலில் மாட்டிய கிளிப்பில் ஆக்சிஜன் எண் தொண்ணூறைத் தாண்டும்வரை ஊதவைத்தாள். தாண்டியபிறகு பேசினாள்.

"நான் மார்க் போடச் சொல்லல சார். நீங்க பொய் சொன்னா அதுக்கேத்த பயிற்சிதான் நான் குடுப்பேன். யாருக்கு நஷ்டம்? முடியலன்னு சொல்றதுல என்ன சார் கேவலம்?"

என்ன கேவலம் என்று அவருக்குத்தான் தெரியும். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவருக்கு வேப்பமரத்தடி ஞாபகமாகவே இருந்தது. ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் உள்ளபடி சொன்ன எண்ணைத்தான் அவர் நடிப்பு என்றார். இத்தனை நாள் நடித்துக்கொண்டிருப்பவர் யார்? அவருக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு விபூதி பூச மறந்துபோய் வீட்டுக்குப் போனார். வியர்வையில் அழிந்திருக்கும் என்று கலைமணியே காரணம் சொல்லிக்கொண்டாள்.

மறு வாரத்திலிருந்து அவர் உண்மையைச் சொன்னார். நாலு என்றால் நாலு. அஞ்சு என்றால் அஞ்சு. அதைச் சொல்லும்போது பல் வலிப்பவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார், ஆனாலும் சொன்னார். எட்டாம் வாரம் முடிவில் ஆறு நிமிடத்தில் முந்நூற்று முப்பது மீட்டர் நடந்தார். நிற்கவில்லை. முன்பு ஒரு கப்பு வாங்கியபோதுகூட அவ்வளவு பூரித்ததில்லை. சுவேதாவிடம் உண்மையைச் சொல்லிப் பழகியாயிற்று. வீட்டில் இருப்பவளிடம்தான் பாக்கி.

ஆனித் தேர் அன்று காலை கீழ வீதியில் கால் வைக்க இடமில்லை. கலைமணி அரக்குப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. சார் மருந்தை நேரம் பார்த்து உறிஞ்சிவிட்டு வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குள் நின்றுகொண்டுதான். யாரோ புண்ணியவான் வெயிலுக்கு இலவசமாகப் பனையோலை விசிறி கொடுத்துக்கொண்டிருந்தார். கலைமணி ஒன்று வாங்கிக்கொண்டாள். நடராஜர் தேர் அசைந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊரறியப் புருஷன் கையைப் பிடித்து அவள் நடந்தது அதுதான் முதல் தடவை.

முதல் வீதியில் சார் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தார். தேர் நின்றது. ஐம்பது அடி போனது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டார்கள், நின்றது. தீபாராதனை. மறுபடி வடம் பிடித்தார்கள், போனது, மண்டகப்படிக்கு நின்றது. இரண்டு நிமிட நடை, ஒரு நிமிட ஓய்வு! சில இடத்தில் ஐந்து நிமிட ஓய்வு! சுவேதாவிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்ததுபோல் நடராஜர் நின்று நின்று போனார். இத்தனை காலம் இந்த ஆளை நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையே என்று சாருக்குத் தோன்றியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் உதட்டைக் குவித்து ஊத, கலைமணி பக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கீழ வீதி முடிந்து தெற்கு வீதி திரும்பியாயிற்று. இப்படியே போனால் யாரிடமும் எதையும் சொல்லாமலே நான்கு வீதியும் முடிந்துவிடும்.

தெற்கு வீதி பாதியில் இளவட்டங்கள் ஒரு கூட்டம் வடத்தில் புதிதாகச் சேர்ந்தது. மேளம் ஏறியது. தேர் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. கூட்டம் பின்னால் ஓடியது, கலைமணியும் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். மூணு. நாலு. அஞ்சு. சார் மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனார். ஏழு வந்ததும் கையை உருவிக்கொண்டு நின்றுவிட்டார்.

அவள் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க நின்னுட்டீங்க? தேரு போவுது பாருங்க!"

அவர் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருந்தது. திரும்பிக் கையைக் கூப்பினால் போதும், பழைய வழி அங்கேயே திறந்திருந்தது. அவள்கூட அந்தப் பக்கம் பார்த்து, ஓ அதற்குத்தானா என்பதுபோல் முகம் மலர ஆரம்பித்துவிட்டாள். அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் சாருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"கலை... மூச்சு... வாங்குது."

பக்கத்துப் பாத்திரக்கடைப் படியில் உட்கார்ந்தார். மருந்துக் குழாயை எடுக்கப் பையில் கைவிட்டபோது முதலில் வந்து விழுந்தது பஸ் ஸ்டாண்டு கடையின் பெயர் அச்சடித்த விபூதிப் பொட்டலம். கலைமணி பொட்டலத்தைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், முழங்கையை முட்டியில் ஊன்றி ஊதிக்கொண்டிருக்கும் புருஷனைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்துக்கு விசிறினாள். ஆம்பளை விசிறிக்கொள்வதா என்றவருக்கு அந்தக் காற்று கன்னத்தில் பட்டதும் உயிர் வந்தது. பேச்சும் வந்தது. எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப முனப் புள்ளையாருகிட்ட?"

"மூச்சு."

"மாரியாத்தா?"

"மூச்சு."

"ஆஞ்சநேயரு?"

"அங்கதான் ரொம்ப வாங்கும்."

"செவ்வாக்கெழம, வெள்ளிக்கெழம?"

"ஆஸ்பத்திரி."

"அந்தக் கொத்சு?"

சார் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு அழுகை வந்தது. விசிறுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"சாமி இல்லன்னீங்க. முப்பத்தி நாலு வருசம் பொறுத்துக்கிட்டேன். ஒடம்பு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லலையே, அதத்தாங்க என்னால பொறுக்க முடியல. பக்கத்துல படுத்துக் கெடக்குறவ நான். அந்தக் கல்லுப் புள்ளையாருக்குத் தெரியுது, சைக்கிள் கடைக்காரனுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல."

தேர் மேல வீதிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. "நீ போ கலை, நான் இங்கியே இருக்கேன்" என்றார்.

"தேரு எங்க போயிடப்போவுது? நாலு வீதியும் சுத்தி எப்பிடியும் கீழ வீதிக்குத்தான் வரணும். நாம வந்த வழியே மெதுவா போனா அது நமக்கு எதிர வரும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இப்ப எத்தினி?"

"மூணு."

"பொய்யி."

"நாலு."

"ம். வாங்க."

போகும் வழியெல்லாம் அவள்தான் நிறுத்தினாள், அவள்தான் விசிறினாள், அவள்தான் கிளம்பச் சொன்னாள். சாயங்காலம் தேர் நிலைக்கு வந்தபோது இரண்டு பேரும் கீழ வீதியில் முன் வரிசையில் நின்றார்கள். சார் அப்போது கையைக் கூப்பினாரா இல்லையா என்று கலைமணி கவனிக்கவில்லை. அவள் கவனமெல்லாம் அவர் தோளில் இருந்தது.

அடுத்த வாரம் சார் பேப்பர் வாங்கக் கிளம்பினார். பிள்ளையாரை நிற்காமல் தாண்டினார், மாரியம்மனையும் தாண்டினார். ஆஞ்சநேயர் கோயிலுக்கு எதிரே வந்ததும் தெருவைக் கடந்து பொன்னுரங்கம் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் சிதம்பரத்து ஓலை விசிறி. பொன்னுரங்கம் ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

"பொன்னுரங்கம், அன்னிக்கி நீ நடிக்கல."

பம்பு நின்றது.

"ரெண்டு ரவுண்டு ஓடவிட்டேன். தப்புப் பண்ணிட்டேன்டா."

"மூணு ரவுண்டு சார்" என்றான் பொன்னுரங்கம். தலையைக் குனிந்து மறுபடி காற்றடிக்க ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்து, ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர் ராமாமிர்தம் கோயிலிலிருந்து வெளியே வந்தார். கடைத்தெருவே கேட்கும்படி, "என்ன திருநாவுக்கரசு, இங்க வந்து உக்காந்துட்ட? சாமி கும்புடலயா இன்னிக்கி?" என்றார். பூக்கடை மாரியம்மாள் திரும்பிப் பார்த்தாள். பேப்பர் கடையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் மூன்று பேர் அவரிடம் ஓடியவர்கள்.

சார் விசிறியை மடியில் வைத்துக்கொண்டு, மைதானத்தில் பேசுகிற குரலில் சொன்னார்.

"மூச்சு வாங்குது சார்!"

டயருக்குப் பின்னாலிருந்து பொன்னுரங்கத்தின் குரல் வந்தது. இருபத்தைந்து வருடமாக வைத்திருந்த வாக்கியம்.

"நடிக்காதீங்க சார். ஓடுங்க."

முதலில் சிரித்தது சார்தான். சிரித்ததில் மூச்சு இன்னும் வாங்கியது. பொன்னுரங்கம் பம்பைக் கீழே போட்டுவிட்டு வந்து, அவர் மடியிலிருந்த விசிறியை எடுத்து விசிற ஆரம்பித்தான்.